கோட் என்னவென்று பில்லில் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வரும் பாவித்த வாகன விளம்பரங்களை, கார் வாங்கும் எண்ணம் எதுவும் இல்லாமலே வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரே உரிமையாளர், விபத்து இல்லை, ஏசி நல்ல நிலையில் என்று வழக்கமாக வரும் வரிகளோடு அண்மைக்காலமாக 'செக் லைட் எதுவும் இல்லை' என்ற வரியும் சேர்ந்திருக்கிறது. அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். டாஷ்போர்ட்டில் எஞ்சின் படத்தோடு வரும் மஞ்சள் லைட் எரியவில்லை என்பதால் மட்டும் கார் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவர் ஒரு பொத்தானை அமுக்கி அதை அணைத்துவிடலாம். ஸ்கேனர் இல்லாதவரும் பல கார்களில் பற்றரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து வந்தால் வேலை முடிந்தது.

நான் மெக்கானிக் இல்லை. அரச வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக் காலம் கழித்து ஓய்வுபெற்றவள். இருப்பது வெள்ளவத்தையில். ஓடுவது 2008 ஆம் ஆண்டுத் தயாரிப்பு டொயோட்டா அக்சியோ. புதிதாக ஒன்று வாங்கக்கூடாதா என்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன, கேட்கலாம். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. தொடங்கிய பிறகும் வரியெல்லாம் சேர்த்து வரும் விலை ஓய்வூதியக்காரருக்கு எட்டுகிற விலை இல்லை. ஆகவே காலி வீதியில் என்னுடையதைப் போலப் பதினைந்து வயது தாண்டிய கார்கள் நிறையவே ஓடுகின்றன. போனட்டுக்குள் இருக்கும் ரப்பர் குழாய்களுக்கும் வயர்களுக்கும் அதே வயதுதான்.

என் காரில் லைட் எரிந்தது பம்பலப்பிட்டிச் சந்தியில், சிக்னலுக்காக நின்றிருந்தபோது. ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மஞ்சள் லைட் விடாமல் எரிந்தால் பதற வேண்டியதில்லை, மெதுவாக ஓட்டிப்போய்ச் சில நாட்களுக்குள் காட்டலாம். அது விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு: எஞ்சின் மோசமாக மிஸ்பயர் ஆகிறது (பெற்றோல் சரியாகத் தீப்பற்றாமல் தவறுகிறது), எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிஸ்டைச் சூடேற்றி அழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஓரமாக நிறுத்துவதே நல்லது. சிவப்பு நிறத்தில் ஒயில் கேத்தல் படம் எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். இவை மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் காட்டிய கராஜின் பெயர் வேண்டாம். கொஞ்சம் பெரிய இடம், ஏசி போட்ட காத்திருக்கும் அறையெல்லாம் உண்டு. ஒருவர் வந்து ஸ்கேனரைச் செருகினார், ஏதோ அமுக்கினார், கழற்றினார். புகைக்குழாயில் உள்ள ஒக்சிஜன் சென்சர் போய்விட்டது, கெட்டலிஸ்டும் போயிருக்கும் என்று லட்சத்தைத் தாண்டிய மதிப்பீடு ஒன்று கைக்கு வந்தது. பழுதைக் குறிக்கக் காரின் கணினி பதிந்து வைக்கும் கோட் என்ன என்று கேட்டேன்.

"அதை அழிச்சாச்சு மிஸ், இனி லைட் வராது."

லைட் வராதென்றால் இந்தச் சாமான்கள் எதற்கு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. காசைக் கொடுக்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் செய்தது எனக்கு நன்றாகவே விளங்கியது, ஏனென்றால் அது என் தொழிலில் வருகிற விஷயம். ஹீமோகுளோபின் 8 என்று நாங்கள் அறிக்கை எழுதினால், இரும்புச்சத்துக் குறைவா, எங்கேயாவது இரத்தம் கசிகிறதா, சிறுநீரகக் கோளாறா என்று அந்தத் தாள் சொல்லாது. வைத்தியர்தான் தேட வேண்டும். கார் தரும் கோட்டும் அப்படித்தான். பி0171 என்றால் எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூடி பெற்றோல் குறைந்திருக்கிறது என்பது மட்டுமே செய்தி. அதை அறிவித்தது ஒக்சிஜன் சென்சர் என்பதற்காகச் சென்சரையே மாற்றுவதும், காரணம் தேடுவதற்கு முன் கோட்டை அழிப்பதும் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு மருந்து எழுதுகிற வேலை.

அழித்தால் லைட் சில நாட்கள் வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான பழுதுகளுக்குக் காரின் கணினி முதல் தடவையிலேயே லைட்டை எரிக்காது. ஒருமுறை கண்டால் தற்காலிகமாகக் குறித்து வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் லைட். கோட்டை அழிக்கும்போது இந்தக் கணக்கும் பூச்சியத்துக்குப் போகிறது, அதோடு கணினி தன்னைத்தானே சோதித்துப் பார்த்து முடித்திருந்த பட்டியலும் போகிறது. வாடிக்கையாளர் காசு கட்டி, சந்தோஷமாக வீட்டுக்குப் போய், அடுத்த கிழமை லைட் திரும்ப வரும்போது "இது வேற பழுது" என்று சொல்லிவிடலாம்.

என் காரில் லைட் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் தெமட்டகொடைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் சிறிய கராஜ் வைத்திருக்கும் ஹற்றன் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். காத்திருக்கும் அறை இல்லை, கவிழ்த்து வைத்த ஒயில் வாளிதான் ஆசனம். அவர் முதலில் செய்தது, ஸ்கேனர் திரையைத் தன் போனில் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது. பி0171. அதன் கீழே, பழுது பதிவான கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற விபரம்: வேகம் பூச்சியம், எஞ்சின் நன்றாகச் சூடாகி இருக்கிறது, சுற்று நிமிடத்துக்கு 700க்குக் கிட்ட. அதாவது கார் நின்ற இடத்தில் ஐட்லிங்கில் இருந்தபோது. பம்பலப்பிட்டி சிக்னல் ஞாபகம் வந்தது. முதல் கராஜ்காரர் ஒரு அமுக்கில் அழித்தது இந்தத் தகவலையும் சேர்த்துத்தான்.

அடுத்து அவர் பார்த்த எண்ணைத்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஆங்கிலத்தில் 'ஃபியூவல் டிரிம்' என்கிறார்கள். கணினி இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெற்றோல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புகைக்குழாயில் உள்ள சென்சர் 'ஒக்சிஜன் மிஞ்சுகிறது' என்றால் கணினி பெற்றோலைக் கூட்டுகிறது, 'மிஞ்சவில்லை' என்றால் குறைக்கிறது. எத்தனை வீதம் கூட்டியது, குறைத்தது என்பதே அந்த எண். உடனுக்குடன் மாறுவது ஒன்று, நாட்பட்டுப் பழகிப்போனது ஒன்று, இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ பத்து வீதத்துக்குள் நின்றால் பொதுவாகக் கவலையில்லை. என் காரில் ஐட்லிங்கில் இருபத்தைந்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது.

தம்பி ரேஸ் கொடுத்து 2500 சுற்றில் பிடித்தார். எண் கடகடவென்று இறங்கி ஒற்றை இலக்கத்துக்கு வந்தது.

"பாத்தீங்களா மிஸ், இது காத்துக் கசிவு" என்றார். காரணம் கேட்டேன், சொன்னார். எங்கோ ஒரு வெடிப்பு வழியாக அளவெடுக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் கொஞ்சக் காற்றைத்தான் இழுக்கிறது, அதோடு காற்று வரும் வாயிலான திராட்டல் அநேகமாக மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சலும் அதிகம். ஆகவே அந்தச் சின்ன வெடிப்பு பெரிய பங்கைப் பிடித்துவிடுகிறது. ரேஸ் கொடுத்தால் சரியான வழியில் நிறையக் காற்று வருகிறது, கசிவின் பங்கு அதற்குள் அமுங்கிப் போகிறது. இதற்கு மாறாக, ஐட்லிங்கில் எண் ஒழுங்காக இருந்து மேட்டில் ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ கூடினால் பெற்றோல் பம்ப் பலவீனமா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, காற்றை அளக்கும் சென்சரில் அழுக்கா என்று தேட வேண்டுமாம். ஒரே கோட், இரண்டு வேறு வழி. கோட்டை மட்டும் பார்த்துச் சாமான் மாற்றுகிறவருக்கு இந்தச் சந்தி கண்ணிலேயே படாது.

சென்சரையும் அவர் சும்மா விடவில்லை. வேண்டுமென்றே ஒரு வக்கூம் குழாயைக் கழற்றிக் காற்றைக் கூட்டினார், அப்புறம் பூட்டிவிட்டுச் சட்டென்று ரேஸ் கொடுத்துப் பார்த்தார். இரண்டுக்கும் சென்சரின் அளவீடு உடனே அசைந்தது. "சென்சர் உயிரோடதான் இருக்கு, அது உண்மையத்தான் சொல்லுது" என்றார். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெல்ல அமுக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். வால்வ் கவரிலிருந்து, காற்று உள்ளே போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டுக்கு எஞ்சின் ஆவியைக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸை அமுக்கியபோது திரையில் எண் விழுந்தது. கழற்றிப் பார்த்தால் வளைவின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி எடுப்பித்த புதுக் குழாய் இரண்டாயிரத்துச் சொச்சம். பூட்டிய பிறகு எண் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் நின்றது. அதன் பிறகுதான் கோட்டை அழித்தார்.

சில கராஜ்களில் கசிவு தேட கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். வேலை செய்யும் முறைதான், ஆனால் சூடான புகைக்குழாய்க்கு மேல் எரியக்கூடிய திரவம் அடிப்பது வீட்டில் செய்து பார்க்கிற காரியம் இல்லை. தேர்ந்தவர்கள் புகை விட்டுப் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள்.

எல்லாக் கோட்டுக்கும் இவ்வளவு நீளக் கதை வேண்டியதில்லை. பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டர் மிஸ்பயர். என் அக்சியோவைப் போல ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் கொடுக்கத் தனிக் கொயில் உள்ள எஞ்சினில் இரண்டாவது கொயிலை மூன்றாவதில் பூட்டி, மூன்றாவதை இரண்டாவதில் பூட்டி ஓட வேண்டும். கோட் பி0303 ஆக மாறினால் கொயில்தான் குற்றவாளி. மாறாமல் அதே இடத்தில் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று தேடிப் போகலாம். ஒரு சதம் செலவில்லாத சோதனை. நான்கு கொயிலையும் சேர்த்து மாற்றச் சொல்கிறவரிடம் இதைச் செய்தீர்களா என்று கேளுங்கள்.

பி0420 தான் பெரிய செலவு வைக்கும் கோட். கெட்டலிஸ்டுக்கு முன்னும் பின்னும் உள்ள சென்சர்களை ஒப்பிட்டு, கெட்டலிஸ்ட் தன் வேலையைச் செய்யவில்லை என்று கணினி எடுக்கும் முடிவு அது. சில வேளை முடிவு சரி. சில வேளை பின் சென்சருக்குக் கிட்ட புகைக்குழாயில் ஒரு ஓட்டை, அல்லது நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட மிஸ்பயர். பாவித்த கார் வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கெட்டலிஸ்டுக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் பழையதுக்கும் விலை இருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டிய கார் உங்கள் தலையில் விழக்கூடும். தூக்கிப் பார்க்கும்போது அடியில் புதிதாக வெல்டிங் செய்த தழும்பு இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கொழும்புக்கென்று சில காரணங்களும் உண்டு. எங்கள் பக்கம் மரைன் டிரைவ் ஓரமாகக் கார் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்றில் கனெக்டர் முனைகளில் பச்சை பிடிப்பது புதிதல்ல. மாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் எலி வயரைக் கடித்து வைக்கும், சென்சர் என்ன செய்யும் பாவம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நீரில் நின்ற வாகனங்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளம் கண்ட காரில் கம்பளத்துக்குக் கீழே ஓடும் வயர் இணைப்புகள் ஆண்டுகள் கழித்தும் கோட் எழுப்பும். விற்பவர் வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்திருந்தால் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டாஷ்போர்ட்டைப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தரம் அமுக்க வேண்டும். அப்போது எஞ்சின் லைட் கட்டாயம் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது வயரில் கை வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஒயில் லைட்டோடு அதைச் சேர்த்துக் கட்டி, இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்படி செய்யும் கெட்டிக்காரரும் இருக்கிறார்கள்.

அடுத்து, சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசித் துளைகள் கொண்ட செருகி இருக்கும், அதில் செருகிப் போனோடு இணைக்கலாம். கோட் இருக்கிறதா என்பதோடு நிற்காதீர்கள். கோட் அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று பல கார்கள் சொல்லும். "நாங்கள் கராஜ் பக்கமே போகவில்லை" என்று விற்பவர் சத்தியம் செய்யும்போது அந்த இடத்தில் 9 கிலோமீற்றர் என்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். கணினியின் சுய சோதனைப் பட்டியலில் முக்கியமானவை 'முடியவில்லை' என்று நின்றாலும் அண்மையில் அழித்திருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சில கார்களில் இந்த விபரம் முழுதாகச் சாதாரண செயலிக்குக் கிடைக்காது, அதற்கு நல்ல கராஜ் ஸ்கேனர் வேண்டும்.

அந்தச் சோதனைகள் முடிவதற்கும் ஒழுங்கான ஓட்டம் தேவை. கெட்டலிஸ்ட் சோதனைக்குச் சூடான எஞ்சினோடு ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்கு ஊர்ந்து போய் வந்தால் அது முடியாது. கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறிச் சீரான வேகத்தில் ஓடிவிட்டு வந்து திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். டோல் காசு வீண்போகாது.

பெற்றோல் மூடியை இறுக்கினால் லைட் போய்விடும் என்று யூடியூப்பில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அமெரிக்கச் சந்தைக் கார்களில் அடிக்கடி வரும் பெற்றோல் ஆவிக் கசிவுக் கோட்டுக்குச் சொல்லும் வைத்தியம். இறுக்கிப் பாருங்கள், தவறில்லை, ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஹைபிரிட்காரர்கள் பி0ஏ80 என்று வந்தால் பற்றரித் தொகுதி நோய்ப்பட்டிருக்கிறது என்று பயப்படுவது நியாயம். ஆனாலும் தொகுதியை மாற்றுமுன் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று போகும் பின் சீற்றருகேயுள்ள துவாரமும் விசிறியும் தூசியால் அடைத்திருக்கிறதா, ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றேஜும் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். புகைப் பரிசோதனையில் தேறிவிட்டோமே என்று இருப்பவர்களும் உண்டு. பெற்றோல் கார்களுக்கு அங்கே அளப்பது புகைக்குழாயில் வரும் வாயுக்களை, கணினியில் உள்ள கோட்டை அல்ல. என் கார் மஞ்சள் லைட் எரிய எரியவே சான்றிதழ் வாங்கியது.

பெண் ஒருத்தி கராஜில் கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்குப் பதிலாக "சேர் வரல்லையா?" என்று கேட்கிறார்கள். சேர் இறந்து பல வருடம். அந்தக் கேள்விக்கு நான் பழகிவிட்டேன், ஆனால் பதிலைப் பெறாமல் பில் கட்டுவதற்குப் பழக நான் தயாரில்லை. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கண்ட கோட், அது பதிவான நேரத்து விபரம், காரணம் கண்டுபிடிக்கச் செய்த சோதனை, இந்த மூன்றையும் பில்லில் எழுதித் தர வேண்டும். அது முடியும்வரை கோட்டை அழிக்கக் கூடாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. அந்தச் சீட்டில் வாகனம் திருத்துவோர் இந்த மூன்று வரியையும் சேர்க்க வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை ஒரு பணிப்புரை கொடுத்தால் லட்சக் கணக்கு மதிப்பீடுகள் பல தாமாகவே சுருங்கும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பாவித்த வாகன விளம்பரப் படிவத்தில், கடைசியாக ஸ்கேன் செய்த திகதி, அப்போது கோட் அழித்த பின் ஓடியிருந்த தூரம் என்று இரண்டு கட்டங்கள் சேர்க்க முடியுமா? நிரப்புவதும் விடுவதும் விற்பவர் விருப்பம். வெறுமையாக விட்டவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு நாங்கள் தொலைபேசி எடுப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06